எதுக்கும் இருக்கட்டும்

உங்கள் ஆபீஸிலும் அந்த மெயில் வந்திருக்கும். 'சர்வர் நிரம்பிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் தேவையில்லாத மெயில்களை அழிக்கவும். இப்படிக்கு, சிஸ்டம் அட்மின்.' நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லட்டுமா? படித்தீர்கள். பக்கத்து சீட்டைப் பார்த்து, "இவருக்கு வேற வேலையே இல்லையா?" என்றீர்கள். அட்மின் அனுப்பிய அந்த மெயிலையும் அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டீர்கள்.

திங்கட்கிழமை ஒரு ரிமைண்டர் வந்திருக்கும். அதுவும் இன்பாக்ஸில் பத்திரமாக இருக்கும்.

இதற்கெல்லாம் சர்வர் படிப்படியாகத்தான் கோபப்படும். முதலில் எச்சரிக்கும். அடுத்து, உங்களால் மெயில் அனுப்ப முடியாமல் செய்யும். கடைசியாக, உங்களுக்கு வருகிற மெயிலையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அந்த மூன்றாவது கட்டத்தில்தான் நமக்கு ஞானம் பிறக்கிறது. அவசர அவசரமாக உட்கார்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் டெலிட் செய்கிறோம். அப்படி அழிப்பதில் ஒரு தர்ம சங்கடம் ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

முதலில் கொஞ்சம் கணக்கு. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2003 என்று ஒரு மெயில் சர்வர் இருந்தது. அதன் ஸ்டாண்டர்டு பதிப்பில் மொத்த ஆபீஸின் மெயிலும் ஒரே கிடங்கில் கிடக்கும். கிடங்கின் உச்சவரம்பு 16 ஜிபி. நூறு பேர் வேலை செய்கிற ஆபீஸ் என்றால் தலைக்குச் சுமார் 160 எம்பி. 16-ஐத் தொட்டதும் கிடங்கு இழுத்து மூடிக்கொள்ளும். அப்புறம் எம்.டி.க்கும் மெயில் கிடையாது, ரிசப்ஷனுக்கும் கிடையாது. 2005-ல் வந்த சர்வீஸ் பேக், வரம்பை 75 ஜிபி வரை உயர்த்திக்கொள்ள அனுமதித்தது. இன்றைக்கு அதே கம்பெனியின் 365 சேவையில், திட்டத்தைப் பொறுத்து ஒரு ஆளுக்கு மட்டும் 50 அல்லது 100 ஜிபி கொடுக்கிறார்கள். அன்றைக்கு ஒரு முழு ஆபீஸுக்குக் கிடைத்ததைப் போல மூன்று மடங்கு, இன்றைக்கு ஒரே ஒரு கிளார்க்குக்கு. இருந்தும் 'நிரம்பிவிட்டது' மெயில் வருவது நின்றபாடில்லை.

அப்படியென்றால் குறை இடத்தில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

ஓலைச்சுவடிக் காலத்தை யோசித்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் ஒரு சுவடி சில நூறு வருஷம் தாங்கினால் அதிகம். யாராவது உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து, புது ஓலையில் பெயர்த்து எழுதினால்தான் உள்ளே இருக்கிற விஷயம் பிழைக்கும். அதாவது, வைத்துக்கொள்வதற்குத்தான் அன்றைக்கு உழைப்பு வேண்டும். சும்மா இருந்தால் அழிந்துவிடும். ஒரு நூல் நம் கைக்கு வந்திருக்கிறது என்றால், நடுவில் பல தலைமுறைகளில் பல பேர் 'இது இருக்க வேண்டும்' என்று நினைத்து முதுகு வலிக்க எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சர்வரில் இது தலைகீழ். சும்மா இருந்தால் எல்லாமே இருக்கும். அழிப்பதற்குத்தான் உழைப்பு. ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும், படிக்க வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டும். அதனால் 2011-ல் வந்த ஒரு மெயில் இன்னும் உங்களிடம் இருக்கிறது என்பதை வைத்து, அது முக்கியமானது என்று சொல்லிவிட முடியாது. யாரும் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். பேர்தான் சேமிப்பு. உண்மையில் அது சாக்கடையில் தண்ணீர் தேங்குவது மாதிரி ஒரு தேக்கம்.

மெயில் பிறந்தபோது இப்படி இல்லை. 1971-ல் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு முதன்முதலில் மெயில் அனுப்பியவர் அமெரிக்காவின் ரே டாம்லின்சன். பெயருக்கும் மெஷினுக்கும் நடுவில் '@' போட்டவரும் அவர்தான். 'அந்த முதல் மெயிலில் என்ன எழுதினீர்கள்?' என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். ஏதோ சோதனைக்கு அடித்தது, மறந்துவிட்டது என்றார். சரித்திரத்தின் முதல் மெயிலையே எழுதியவர் வைத்துக்கொள்ளவில்லை. நாம் போன வருஷத்து கேன்டீன் மெனுவை வைத்திருக்கிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு நம்மைத் தயார் செய்தவர்களும் உண்டு. 2004 ஏப்ரல் 1-ம் தேதி ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி இலவசம் என்றார்கள். முட்டாள்கள் தின ஜோக் என்று நிறையப் பேர் நம்பவில்லை. ஹாட்மெயில் அப்போது 2 எம்பி கொடுத்துக்கொண்டிருந்தது. இனி நீங்கள் எதையும் அழிக்கவே வேண்டாம் என்பதுதான் ஜிமெயில் சொன்ன சேதி. அன்றிலிருந்து அழிப்பது என்பதே நமக்கு ஒரு பழைய காலத்துக் கஷ்டமாகிவிட்டது.

ஆனால் சோம்பேறித்தனம் மட்டும்தான் காரணமா? இல்லை. டெலிட் பட்டனுக்கு மேலே விரலைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். மனசு என்ன சொல்கிறது? "எதுக்கும் இருக்கட்டும்." இந்த இரண்டு வார்த்தைகளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு மேனேஜர் "நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றால்? கஸ்டமர் "நான் அப்படிக் கேட்கவே இல்லை" என்றால்? ஆதாரம் வேண்டாமா? நம் இன்பாக்ஸில் பாதி ஞாபகத்துக்காக இல்லை, என்றைக்கோ நடக்கப்போகும் விசாரணைக்காக இருக்கிறது. நாலு பேருக்கு சிசி போடுகிறோமே, அது தகவலுக்கா? சாட்சிக்கு ஆள் சேர்க்கிறோம். ஓர் ஆபீஸின் சர்வர் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று பார்த்தால், அங்கே ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்று ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம்.

இந்தப் பயத்தின் செலவை யார் கொடுக்கிறார்கள்? பொதுக் கிடங்கில் நான் வைத்திருப்பதால் எனக்கு ஒரு மன நிம்மதி. அதன் பாரம் நூறு பேருக்கு. பழைய எக்ஸ்சேஞ்சில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருந்தது. ஒரே கிடங்கில் இருக்கும் ஐம்பது பேருக்கு 5 எம்பி பிக்னிக் போட்டோ அனுப்பினால், உள்ளே ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். ஐம்பது பேருக்கும் அதையே காட்டும். சிக்கனமான யோசனைதான். ஆனால் மறுபக்கம் பாருங்கள்: நாற்பத்தொன்பது பேர் பொறுப்பாக அழித்தாலும், ஐம்பதாவது ஆசாமி 'எதுக்கும் இருக்கட்டும்' என்று வைத்திருந்தால் போதும், 5 எம்பியில் ஒரு துளிகூடத் திரும்பக் கிடைக்காது. பிறகு எக்ஸ்சேஞ்ச் 2010-ல் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஐம்பது பேருக்கு ஐம்பது பிரதி என்றானது.

1968-ல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் பொதுச்சொத்தின் சோகம் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளுக்கு ஒரு மாடு கூடுதலாக விட்டால் அவரவருக்கு லாபம், கடைசியில் புல்லே மிஞ்சாது என்பது அதன் சாரம். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற பெண்மணி, உலகம் முழுக்கப் பாசனக் கால்வாய்களையும் காடுகளையும் மீன்பிடித் துறைகளையும் ஆராய்ந்து, 'அப்படி அழிந்தே தீர வேண்டும் என்று இல்லை' என்று காட்டினார். அதைப் பயன்படுத்துகிற ஜனங்களே கூடிப் பேசி விதி போட்டுக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய இடங்கள் நிறைய உண்டு என்றார். 2009-ல் பொருளாதார நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. நமக்கு இது புதுசா என்ன? உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு வாரியம் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. ஏரியில் வண்டல் சேரத்தான் செய்யும். அதைத் தூர் வாருவது யாரோ ஓர் அதிகாரி அதட்டிச் செய்கிற வேலையாக இல்லாமல் ஊர் வேலையாக இருந்தது.

ஆக, விதி போட்டுவிட்டால் விஷயம் முடிந்ததா? 'மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட மெயில் எல்லாம் அழிக்கப்படும்' என்று ஒரு சர்க்குலர். சுலபமாக இருக்கிறது. ஆனால் விதியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன்.

முதலாவது, ஆர்தர் ஆண்டர்சன். உலகத்தின் ஐந்து பெரிய ஆடிட் கம்பெனிகளில் ஒன்றாக இருந்தது. அமெரிக்காவில் என்ரான் கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்தவர்கள் இவர்கள்தான். 2001 அக்டோபரில் என்ரானின் குட்டு உடையத் தொடங்கியது. அக்டோபர் 12-ம் தேதி ஆண்டர்சனின் சொந்த வக்கீல் ஒருவரிடமிருந்து ஒரு மெயில் போனது. ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது பற்றிய கம்பெனி விதியை ஊழியர்களுக்கு நினைவுபடுத்துவது நல்லது என்றது அது. அவ்வளவுதான். பாவம், ஒரு சாதாரண சர்க்குலர் மாதிரிதான் இருந்தது. அதைத் தொடர்ந்து என்ரான் சம்பந்தப்பட்ட காகிதங்கள் டன் கணக்கில் கிழிக்கப்பட்டன, மெயில்களும் ஃபைல்களும் அழிக்கப்பட்டன. 2002 ஜூனில் ஜூரி குற்றவாளி என்றது. 2005 மே மாதம், ஜூரிக்குச் சொன்ன சட்ட விளக்கம் சரியில்லை என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் கம்பெனியே கரைந்து போயிருந்தது. கவனியுங்கள்: விதி முன்பே இருந்தது. அத்தனை நாளும் யாரும் லட்சியம் செய்யாத விதி, போலீஸ் வருகிற சத்தம் கேட்டபோது ஞாபகத்துக்கு வந்தது. குப்பை எடுப்பதும் தடயம் அழிப்பதும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும். தேதியைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, நம் ஊர். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனார். அங்கே ஏராளமான ஏடுகள் இருந்ததாகக் கேள்வி. போய்க் கேட்டால், சிதிலமான ஏடுகளை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சாஸ்திரம் இருக்கிறதாம், நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டார்களாம். அவர் துடித்துப்போனதை எழுதிவைத்திருக்கிறார். இங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எதையும் மறைக்கவில்லை. பக்தியோடு, முறைப்படி, நெய் செலவழித்துச் செய்தார்கள். செய்யாதது ஒன்றே ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது, அது வேறு யாருக்காவது வேண்டியதாக இருக்குமா என்று கேட்கவில்லை.

ஒரு விதி கெட்ட மனசின் கையிலும் ஆபத்து, நல்ல மனசின் கையிலும் ஆபத்து என்றால், நாம் என்னதான் செய்வது? எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருப்பதா? அதற்கும் என்ரானிலேயே பதில் இருக்கிறது. விசாரணைக்காக அந்த கம்பெனியின் மெயில்களைக் கைப்பற்றிய அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், 2003-ல் அவற்றைப் பொதுவில் வெளியிட்டது. சுமார் 150 பேரின் ஏறக்குறைய ஐந்து லட்சம் மெயில்கள் இன்றும் ஆராய்ச்சியாளர்கள் கையில் இருக்கின்றன. ஸ்பாம் வடிகட்டுவதிலிருந்து மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது வரைக்கும் அதை வைத்துப் படித்தார்கள். அதில் மோசடி பற்றிய மெயில்களோடு, குடும்ப விஷயமும் சொந்தத் தகவல்களும் கலந்து கிடந்தன. எந்தத் தப்பும் செய்யாதவர்களுடையதும்தான். சிலர் கேட்டுக்கொண்டு, பிறகு சிலவற்றை நீக்கினார்கள். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று நாம் விட்டுவைப்பதில் நமக்கு எழுதியவர்களின் வீட்டு விஷயமும் அடக்கம். அவர்களைக் கேட்டா வைத்துக்கொண்டோம்?

இங்கேதான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. டெலிட் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு நாம் எல்லோரும் கேட்கிற கேள்வி, 'இது எனக்கு மறுபடி வேண்டியிருக்குமா?' என்பது. அந்தக் கேள்வியே தப்பு. அது பயத்தின் கேள்வி. அதற்கு 'ஒருவேளை' என்பதைத் தவிர வேறு பதிலே வராது. கேட்க வேண்டியது, 'இதில் வேறு யாருக்குப் பங்கு இருக்கிறது?' என்பது.

ஒரு கற்பனை. உங்களிடம் ஒப்பந்த அடிப்படையில் ஒரு பெண் வேலை பார்க்கிறார். நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்யச் சொன்னீர்கள். 'அடுத்த வருஷம் உங்களை நிரந்தரமாக்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்' என்று இரண்டு வரி மெயில் போட்டீர்கள். அதன் அளவு 4 கேபி. உங்களுக்கு அது ஞாபகம்கூட இல்லை. நீங்கள் வேறு டிபார்ட்மென்ட்டுக்கு மாறுகிறீர்கள். அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் நடுவில் ஒரு மாதம் முடிந்து புதுப்பிக்கப்பட்டதில் அவருடைய பழைய மெயில்பாக்ஸ் போய்விட்டது. சர்வர் நிரம்பிவிட்டது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேதி வாரியாக அடுக்கி, மொத்தமாக செலக்ட் செய்து அழிக்கிறீர்கள். சட்டப்படி உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம். ஒரு மேனேஜர் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு, கணக்குப் புத்தகத்தில் வராது. ஆனால் அந்த 4 கேபி உங்களுடையதா? கிடந்தது உங்கள் பெட்டியில். பாத்தியதை அவருக்கு.

அதே நாளில் உங்கள் பெட்டியில் 40 எம்பிக்கு ஒரு பவர்பாயின்ட் இருக்கும். எம்.டி. உங்களை மேடையில் பாராட்டிய போட்டோக்கள் இருக்கும். அதைத் தொட மனசு வராது. இந்த இரண்டில் எதை அழிப்பது தர்மம் என்று சொல்ல பெரிய வேதாந்தம் வேண்டாம். ஆனால் தேதியை வைத்தோ அளவை வைத்தோ அழிக்கிற எந்த விதிக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. மனுஷன் ஒருத்தன் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

"ஆயிரக்கணக்கில் கிடக்கு சார், ஒவ்வொண்ணா எப்படிப் பார்க்கறது?" என்று கேட்பீர்கள். நியாயம். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றில் வேறு யாருக்கும் பங்கு இருக்காது. விளம்பரம், பொங்கல் வாழ்த்து, 'ஓகே', 'நோட்டட்', ஒரே டிராஃப்டின் பதினாலு பிரதிகள். அளவு வாரியாக அடுக்கினால் முதல் ஐம்பதிலேயே பாதி இடம் கிடைத்துவிடும். நிதானமாகப் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: நீங்கள் யாருக்காவது வாக்குக் கொடுத்தவை, யாராவது உங்களிடம் முறையிட்டவை, ஒருவருடைய வேலையை இன்னொருவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாமல் தடுப்பவை. இந்த மூன்று வகையையும் ஆள் பெயர் போட்டுத் தேடினால் எடுத்துவிடலாம். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். மேலே இருப்பவர்கள் தங்கள் ஆதாரத்தைத் தாங்களே பத்திரமாக வைத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம், அட்மின்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நீங்கள் டெலிட் செய்த உடனே இடம் கிடைத்துவிடாது. அழித்த மெயில் சில நாள் உள்ளேயே காத்திருக்கும். 365-ல் வழக்கமாக 14 நாள். அப்புறம் போனாலும், பழைய எக்ஸ்சேஞ்சில் கிடங்கின் ஃபைல் சுருங்காது. உள்ளே அங்கங்கே ஓட்டை விழுந்த மாதிரி காலி இடம் இருக்கும், வெளியே பார்த்தால் அதே பருமன். நிஜமாகவே சுருக்க வேண்டுமானால் ராத்திரியில் சர்வீஸை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் புது ஃபைலுக்குப் பெயர்த்து அடுக்க வேண்டும். அதற்கு, மிஞ்சப்போகும் சரக்கைப் போல 110 சதவிகிதம் காலி இடம் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பாருங்கள் வேடிக்கையை. இடம் பண்ணுவதற்கே இடம் வேண்டும். முட்ட முட்ட நிரம்பியபின் சுத்தம் செய்ய முடியாது.

டிஸ்க்குக்கு மட்டும் உள்ள சட்டமா இது? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நியாயமாக யோசிக்க மனசிலும் கொஞ்சம் காலி இடம் வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கெடு, வாசலில் ஆடிட்டர், தலைக்கு மேல் டார்கெட் என்ற நிலையில் எடுக்கிற முடிவில் பயம்தான் முன்னால் நிற்கும். ஒன்று, எல்லாவற்றையும் கட்டிக்கொள்வோம். இல்லை, எல்லாவற்றையும் கொளுத்துவோம்.

அதனால் சர்வர் பாதி காலியாக இருக்கிற ஒரு சாதாரண நாளில், எந்த அவசரமும் இல்லாத ஒரு புதன்கிழமை மத்தியானம், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குப்பையைத் தள்ளுங்கள். இன்னொருவருக்குப் பாத்தியதை உள்ளது கண்ணில் பட்டால், ஆபீஸ் விதி இடம் கொடுத்தால் அதை உரியவருக்கே அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் எச்.ஆர். ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். 'உங்களுக்கு நான் எழுதியது, உங்களிடம் இருக்கட்டும்' என்று ஒரு வரி போதும். அப்புறம் உங்கள் பிரதியைத் தாராளமாக அழிக்கலாம்.

அந்த மெயில் போய்ச் சேர்ந்ததும், கொடுத்த வாக்கை இத்தனை நாளாக நிறைவேற்றவில்லையே என்பதும் உங்களுக்கு ஞாபகம் வரலாம். வந்தால் நல்லதுதான்.